கொசுவலையை அளவு கொடுத்துத் தைத்த கூடாரங்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்து “இது சரியில்லை” என்று சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. ஒருமுறை சுங்கைப்பட்டாணியில் புதுச் செருப்பு வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பார்த்தால், இரண்டும் இடதுகால். திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடை நான் பஸ் ஏறும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. கடைக்காரர் தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கிற மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது? ஆறு மாதம் அந்தச் செருப்பைப் போட்டுத் தேய்த்தேன் (வலதுகால் மூன்றாவது வாரத்தில் பழகிக்கொண்டது).

இப்படிப்பட்ட ஒருத்தியை நம்பி நான்கு கூடாரம் தைத்து வாங்கி வரும் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றால், கொடுத்தவர்களையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தொரு வயது. சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா பால்மரம் வெட்டினார் (மரத்தைச் சாய்ப்பதில்லை, பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது). நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பாக்கார் ஆராங்கில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்றே செய்த வேலை. பெட்டிகள் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவோம். அங்கே பையன்களுக்கு ஒரு சங்கம், பெண்களுக்கு ஒரு சங்கம். பையன்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் விடுமுறையில் ஜெராய் மலையில் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருவார்கள். வந்து மூன்று மாதம் அதைப் பற்றியே பேசுவார்கள். பெண்கள் சங்கத்தில் நாங்கள் எட்டுப் பேர். எங்களில் ஒருத்திகூட உறவினர் வீட்டைத் தவிர வேறெங்கும் இரவு தங்கியதில்லை. தொழிற்சாலை, அடுப்படி, சர்ச், மறுபடி தொழிற்சாலை. கிரேஸ் என்ற பெண்ணுக்கு டிசம்பரில் கல்யாணம். “அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரியாச்சும் ஆத்துச் சத்தம் கேட்டுத் தூங்கணும்” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் கூட்டத்தில் வாய் உள்ளவள் கிளாரா. எனக்கு உயிர்த் தோழி. அவளுடைய அப்பா தேவராஜ், எங்கள் தோட்டத்தின் பெரிய கிராணி. தோட்ட அலுவலகக் கணக்கு, சம்பளம் எல்லாம் அவர் கையில். சர்ச்சிலும் அவர்தான் மூப்பர். அவர் தொண்டையைச் செருமினால் போதகரே ஜெபத்தைச் சுருக்கிவிடுவார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு கூட்டம் போட்டார்கள். கிளாரா எழுந்து, “இந்த வருஷம் நாங்களும் கேம்புக்குப் போகணும்” என்றாள்.

கிராணி ஐயா மகளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கித்தான் கூடாரத்த யாரு தூக்குவா? காஞ்சு கெடந்தாலே ஒண்ணுக்கு ரெண்டு ஆளு வேணும். நனைஞ்சா நாலு ஆளு.”

“பையன்ங்க தூக்கிட்டு வரட்டும்பா.”

“பையன்ங்க வந்தா எந்த அப்பன் மகள அனுப்புவான்? நானே அனுப்ப மாட்டேன்.”

ஆக, கூடாரம் வேண்டுமென்றால் பையன்கள் வேண்டும், பையன்கள் வந்தால் பெண்கள் போக முடியாது. போதகர் கூரையில் சுழலும் காற்றாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “லேசான துணியில தச்சிக்கலாமே.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, பேசியது நான்.

கூட்டத்தில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. அதோடு உட்கார்ந்திருந்தால் தப்பித்திருப்பேன். அதற்குள் கிளாரா, “எஸ்தர் பாத்துக்குவா! அவதான் தச்சு வாங்கிட்டு வருவா!” என்று கை தட்டிவிட்டாள்.

கிராணி ஐயா சட்டம் போட்டார். “சரி. ஒங்க சாமான ஒங்க முதுகுலதான் தூக்கணும். ரூபி டீச்சர் கூட வரணும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு நாங்க நாலு அப்பன்ங்க மேல ஏறி வந்து பாப்போம். கூடாரம் கூடாரமா இருந்தா தங்கிக்குங்க. இல்லன்னா அந்த நிமிஷமே கீழ இறங்கிடணும். அதுக்கப்புறம் கேம்பு, கீம்புன்னு ஒரு பொண்ணு என் முன்னால வந்து நிக்கக்கூடாது.”

எட்டுப் பேரும் தலையாட்டினோம். அன்றிலிருந்து எட்டுப் பேருடைய ஆசையும் என் தலையில்.

துணி சுலபமாகக் கிடைத்தது. காற்றுக்குப் போடும் விண்ட்பிரேக்கர் சட்டை தைக்கிற இடத்தில் கிளாராவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். அங்கே ஒதுக்கிப் போட்ட ஒரு சுருள் துணியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். ரோஸ் நிறம். வெங்காயத்தோல் மாதிரி மெலிசு. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறைதான்.

தைப்பதற்கு முத்தையா அண்ணனை விட்டால் வேறு யார்? சுங்கைப்பட்டாணிக் கடைத்தெருவில், துணிக்கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் ஒரு மிதி இயந்திரம் போட்டு உட்கார்ந்திருப்பார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு ரவிக்கை, சட்டை, காற்சட்டை எல்லாம் அவர்தான். தையல் எறும்பு வரிசை போல அவ்வளவு சீராக இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடா பிடித்து அளவெடுக்க மாட்டார். “அளவு கொண்டாந்தியா?” என்பார். நமக்குச் சரியாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து அச்சு அசலாகத் தைத்துவிடுவார். அச்சு அசல் என்றால் உண்மையிலேயே அச்சு அசல். பழைய ரவிக்கையில் கடைசிக் கொக்கி விழுந்து போயிருந்தால், புது ரவிக்கையிலும் கடைசிக் கொக்கி இருக்காது. அம்மாவுக்கு அப்படி ஒன்று தைத்துக் கொடுத்தார். அம்மா ஊக்கு குத்திக்கொண்டு போட்டாரே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருமே கேட்டதில்லை. தைத்த துணியைத் தடவிக்கொண்டே, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி அவர் காட்டுவார். அந்த முகத்துக்கு முன்னால் குறை சொல்ல இரும்பு மனசு வேண்டும்.

“கூடாரமா? தச்சிரலாம் தங்கச்சி. அளவு கொண்டாந்தியா?”

“அளவு இல்லண்ணே... இப்படி... மேல இப்படி வந்து...” என்று காற்றில் முக்கோணம் போட ஆரம்பித்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்ததும் கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

“வாயில சொன்னா எனக்கு வராது. வீட்ல ஒண்ணு இருக்கும் பாரு. துணியில செஞ்சது, உள்ள ஆளு படுக்கறது. அதக் கொண்டா.”

பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். துணியில் செய்தது. உள்ளே ஆள் படுப்பது. சட்டென்று மூளையில் விளக்கு எரிந்தது. கொசுவலை! எனக்கு நானே பெரிய அறிவாளியாகத் தெரிந்த நாள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மறுநாள் அப்பா அம்மா கட்டிலுக்கு மேலிருந்த கொசுவலையை அவிழ்த்தேன்.

“எங்கடி கொண்டு போற? கொசு ஒங்கப்பாவத் தூக்கிட்டுப் போயிரும்!” என்றார் அம்மா.

“ரெண்டு வாரம்தாம்மா.”

கொசுவலையையும் ரோஸ் துணிச் சுருளையும் கொடுக்கும்போது முத்தையா அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “லேசா இருக்கணும்ணே. ரொம்ப லேசா.” மூன்று முறை சொன்னேன். மழை என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். நான்கும் மடித்துத் தயாராக இருந்தன. ஒன்றை உதறி விரித்துக் காட்டினார். தைத்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. என் முகத்தில்தான் ரத்தம் வற்றிப்போனது.

அந்தக் காலத்துக் கொசுவலைக்கு நான்கு பக்கமும்தான் வலை. மேல்பக்கம் சாதாரண வெள்ளைப் பருத்தித் துணி. தட்டையாக, மேசை மாதிரி இருக்கும். என் கூடாரங்களும் அப்படியே இருந்தன. நான்கு பக்கமும் தண்ணீர் ஒட்டாத ரோஸ் துணி. கூரை மட்டும் வெள்ளைப் பருத்தி. வாசல் கிடையாது, தூக்கிக்கொண்டு நுழைய வேண்டும். தரை கிடையாது. நான்கு மூலையிலும் கட்டுவதற்குப் பாவாடை நாடா. போதாததற்கு, எலி கடித்த இடத்தில் அம்மா எங்கள் கொசுவலைக்கு ஒரு சிவப்புத் துணியை ஒட்டுப் போட்டிருந்தார். நான்கு கூடாரத்திலும் அதே இடத்தில், அதே அளவில் சிவப்பு ஒட்டு.

“அண்ணே, இந்தச் செவப்பு...”

“அளவுல இருந்திச்சு. நாலுலயும் வச்சிட்டேன்.”

“மேல வெள்ளைத் துணி...”

“அதையேன் கேக்கற! ரோஸ் துணியே மேலுக்கும் பத்தும். ஆனா அளவுல வெள்ளையில்ல இருக்கு? கடையில கேட்டு வெள்ளை வாங்கிப் போட்டேன்.”

“ஓரத்துல மடிப்பு...”

“லேசா வேணும்னியே தங்கச்சி. மடிச்சு அடிச்சா கனம் ஏறிப் போயிரும்லா. எல்லாம் ஒத்தத் தையல்.” துணியைத் தடவினார். “நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்குண்ணே” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெள்ளைத் துணி இருந்தால் காற்று நன்றாக வரும். ஆகஸ்டில் என்ன மழை பெய்துவிடப்போகிறது? பெய்தாலும் எட்டுப் பெண்கள் மேல் கர்த்தர் பெய்ய விடுவாரா?

அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டத்திலேயே கட்டிப் பார்த்தோம். ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்கும் இடம். நான்கு மரத்துக்கு நடுவே வைத்து, பாவாடை நாடாவோடு கொஞ்சம் கயிறு சேர்த்துக் கட்டினோம். நல்ல வெயில். கூடாரம் பெட்டி மாதிரி விறைப்பாக நின்றது. கிராணி ஐயா வந்தார். ஒன்றைச் சுருட்டி, ரப்பர் பால் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டார். முள் அசையவில்லை.

“என்னம்மா இது, கூடாரமா கைக்குட்டையா?” என்றார். ஆனால் குனிந்து உள்ளே போய்க் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். வெளியே வந்து, “பரவாயில்ல, நல்லாக் காத்து வருது” என்றார். ஆறு நாள் நான் தோட்டத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஒரு விஷயம் எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்த மரமெல்லாம் ரப்பர் மரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே வெள்ளைக்காரன் அளந்து வைத்த இடைவெளி. மரம் என்றாலே வரிசையாகத்தான் நிற்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை ஜெராய் மலையடிவாரத்தில் போய் இறங்கினோம். கூடாரம் லேசாக இருந்ததால் மற்றதெல்லாம் பைக்குள் ஏறிவிட்டது. கிளாரா ஒரு பானை நிறையக் கோழி சம்பல் கொண்டு வந்திருந்தாள். ஒருத்தி சார்டின் டின்களை அடுக்கியிருந்தாள், இன்னொருத்தி பெட்ரோமாக்ஸ் விளக்கு. ரூபி டீச்சர் மடக்கு நாற்காலி. தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவர். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட மூன்று பேர் வேண்டும். நான்கு கூடாரத்தையும் நான் ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் போக, மற்றவர்கள் மூட்டை தூக்கிகள் மாதிரி முனகிக்கொண்டு பின்னால் ஏறினார்கள்.

ஒரு மணி நேர ஏற்றம். ஓடை பக்கத்தில் சமதரை வந்ததும் கிரேஸ் பையைப் போட்டுவிட்டு, தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

“சரி சரி, நாலு மரம் பாருங்கடி” என்றாள் கிளாரா. “கட்டில் மாதிரி, நாலு மூலைக்கு நாலு.”

பார்த்தோம். அரை மணி நேரம் பார்த்தோம்.

“எஸ்தர், இங்க மூணு இருக்கு. நாலாவது எங்க?” என்று கத்தினார் ரூபி டீச்சர்.

“அந்தப் பள்ளத்துல ஒண்ணு நிக்குது டீச்சர்.”

“அது வேற ஊரும்மா!”

கிளாரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றிப் பார்த்தாள். “அலாமாக்! யாருடி இந்தக் காட்ட நட்டது? ஒரு நிரைகூட ஒழுங்கா இல்ல!”

கடைசியில் எப்படியோ கட்டினோம். ஒன்று முக்கோணமாக வந்தது. ஒன்றில் ஒரு மூலை ஆளுயரத்திலும் எதிர் மூலை முழங்காலுக்குக் கீழும் இருந்தது. மூன்றாவதன் ஒரு மூலைக்கு மரமே கிடைக்காமல் சார்டின் பையில் கட்டினோம். “கணக்குப் பாடத்துல இப்படி ஒரு உருவமே கெடையாது” என்றார் ரூபி டீச்சர். நான்காவது மட்டும் ஓரளவு கட்டில் வடிவில் நின்றது. அதற்குள் டீச்சர் மடக்கு நாற்காலியோடு நுழைந்து, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு மழை வந்தது.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் உள்ளே குந்தியிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிறகு கிரேஸ் மேலே கை காட்டினாள். வெள்ளைக் கூரை நடுவில் கொஞ்சம் இறங்கியிருந்தது. தட்டையான துணியில் விழுந்த மழை எங்கே போகும்? அங்கேயே தங்கியது. கூரைக்குத் தொப்பை போட்டது. தொப்பை பெருத்தது. நிறைமாதமானது. அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் இறங்கியது.

“டீச்சர்!” என்று கத்திக்கொண்டு கிளாரா பக்கத்துக் கூடாரத்துக்கு ஓடினாள். நானும் ஓடினேன். துணியைத் தூக்கிப் பார்த்தால், ரூபி டீச்சர் நல்ல உறக்கத்தில் இருந்தார். கூரைத் தொப்பை அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது.

கடைகளில் முன்னால் கட்டிய துணியில் தண்ணீர் தேங்கினால், அடியிலிருந்து கம்பால் தூக்கித் தள்ளுவார்கள். கிளாராவும் அதைத்தான் செய்தாள். ஆனால் கம்புக்குப் பதில் குடையை எடுத்தாள். குடையின் நுனியை எடுத்தாள்.

ஒற்றைத் தையல். மடிப்பு இல்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சர்ரென்று கிழிந்தது. அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் ரூபி டீச்சர் மேல் இறங்கியது. டீச்சர் கண் திறக்காமலே, “ஸ்தோத்திரம்!” என்று அலறினார்.

பக்கவாட்டு ரோஸ் துணியும் சும்மா இருக்கவில்லை. வெளித் தண்ணீரை உள்ளே விடாத அது, உள்ளே விழுந்த தண்ணீரை வெளியே விட மறுத்தது. காலில் ஒட்டிக்கொண்டு குளம் கட்டியது. மேட்டிலிருந்து வந்த செம்மண் தண்ணீர், தரை இல்லாத கூடாரத்துக்குள் தாராளமாக வந்து சேர்ந்தது. சார்டின் பையில் கட்டிய கூடாரம் பையையும் இழுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் நகர ஆரம்பித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணி நாலரை. இன்னும் அரை மணியில் அப்பாமார் வந்துவிடுவார்கள். கிரேஸ் நனைந்துபோய் நடுங்கிக்கொண்டு, “இப்ப எறக்கிக் கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல எஸ்தர்?” என்றாள்.

“இது சரியில்ல!” என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. மழையே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது (நிற்கவில்லை). “ஆரம்பத்துலயே சரியில்ல. வெள்ளைத் துணிய நான் கடையிலேயே பாத்தேன். சொல்ல வெக்கமா இருந்திச்சு. எல்லாத்தையும் அவுருங்க!”

நாடா முடிச்சுகள் ஊறிப்போய் அவிழவில்லை. கத்தியால் அறுத்தோம். வெள்ளைக் கூரையை நான்கிலிருந்தும் கிழித்துப் போட்டோம். கிழிப்பதற்கு மட்டும் அந்த ஒற்றைத் தையல் மிகவும் வசதியாக இருந்தது. ஒரு மூலைத் தையலையும் பிரித்ததும், மிச்சமிருந்த ரோஸ் துணி நான்கும் நீள நீளமாக விரிந்தன. இரண்டு மரத்துக்கு நடுவே ஒரே கயிறு கட்டி (இரண்டு மரம் எந்தக் காட்டிலும் கிடைக்கும்), ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்துப் போட்டு, நுனியில் கல் வைத்தோம். தண்ணீர் முத்து முத்தாக வழிந்து ஓடியது. ஒன்பது பேரும் அதற்கடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தோம்.

சரியாக ஐந்து மணிக்கு அப்பாமார் வந்து சேர்ந்தார்கள். கிராணி ஐயா முன்னால். ஒரு கையில் அடுக்குச் சட்டி, மறு கையில் காற்றில் புரண்டு கிண்ணமாகிப்போன குடை. நான்கு பேரும் தலை முதல் கால் வரை தண்ணீர். எதிரே சேற்றில் கிழிந்த வெள்ளைத் துணிகள், நான்கு சிவப்பு ஒட்டோடு ஒரு ரோஸ் சாய்ப்பு, அதற்கடியில் நனைந்த கோழிகள் மாதிரி ஒன்பது பெண்கள்.

“உள்ள வாங்கப்பா, நனையாதீங்க” என்றாள் கிளாரா. வேறு வழி? நான்கு பேரும் குனிந்து வந்து எங்களோடு குந்தினார்கள்.

“யாரு தச்சது?” என்றார் கிராணி ஐயா.

“முத்தையா அண்ணன் தச்சதுங்கய்யா” என்றேன். “ஆனா தப்பு என்னோடதுங்கய்யா. கொசுவலைய அளவு குடுத்தது நான். சரியில்லன்னு தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு சொன்னேன். இவங்களுக்குத் தெரியாது. இவங்களத் திட்டாதீங்க.”

முத்தையா என்ற பெயரைக் கேட்டதுமே நான்கு அப்பாமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிராணி ஐயா மெல்லக் காலை நீட்டினார்.

“இந்தக் காற்சட்டையப் பாரு.”

பார்த்தோம். வலதுகால் இடதுகாலைவிட மூன்று விரல் குட்டை.

“அளவுக்குக் குடுத்தத நாய் கடிச்சிருந்திச்சு. ஏழு வருஷம் ஆச்சு. இதே மாதிரி இன்னும் மூணு இருக்கு.”

“அப்பா!” என்றாள் கிளாரா. “நீங்க நடக்கறதே அப்படின்னுல நெனச்சோம்!”

இன்னொரு அப்பா தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். மேல் பொத்தான் இருந்தது, அதற்குத் துளை இல்லை.

“நீங்க ஏங்கய்யா அவருகிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“எப்படிம்மா சொல்றது?” தோட்டத்தையே ஆட்டிவைக்கும் கிராணி ஐயா அந்த மழையில் சின்னப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். “அந்தாளு மூஞ்சியப் பாத்தா வாய் வருதா?”

அடுக்குச் சட்டியில் இருந்த பிரியாணியையும் கிளாராவின் சம்பலையும் பதின்மூன்று பேரும் பகிர்ந்து தின்றோம். மழை விட்டது. கிராணி ஐயா எழுந்தார். சட்டம் சட்டம்தான்.

“சரி, எல்லாரும் எறங்குங்க.”

யாரும் வாதாடவில்லை. கிரேஸ் மட்டும் ஓடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். அடுத்த ஆண்டு அவள் யார் வீட்டு மருமகளாகவோ இருப்பாள். இன்று நினைத்தாலும் அந்த ஒன்றுக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் கிராணி ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அடுத்த வருஷம் போங்க. ஆனா ஒண்ணு. கூடாரம் சரியில்லன்னு அவருகிட்ட நீ நேரா போயிச் சொல்லணும். அப்பதான் போகலாம்.” கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். “அப்படியே என் காற்சட்டையயும் சொல்லிரு.”

போனேன். முதல் தடவை போனபோது முத்தையா அண்ணன் முகம் மலர, “எப்படி இருந்திச்சு தங்கச்சி?” என்றார். “மழை பெஞ்சிச்சுண்ணே” என்றேன். “மழை நல்லதுதான்” என்றார். ஒரு ரவிக்கைக்குத் துணி கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை அந்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு, ஒரு பாவாடைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். “இப்படியே போனா ஒனக்குக் கல்யாணச் சீரே சேந்திரும்டி” என்றாள் கிளாரா.

மூன்றாவது தடவை, கிழிந்த கூடாரத்தை அவர் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொசுவலை, தொப்பை, ரூபி டீச்சர், கிரேஸ். வாய் திறந்தது திறந்ததுதான் என்று கிராணி ஐயாவின் காற்சட்டையையும், மேல் பொத்தானையும், அம்மாவின் கொக்கியையும் சேர்த்தே சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அவர் தையல் பிரிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட வந்து சொன்னதில்ல தங்கச்சி.”

“மன்னிச்சிக்கங்கண்ணே.”

“கிராணியோட காற்சட்டைய நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” தலையைக் குனிந்துகொண்டார். “அவருக்கு ஒரு கால் குட்டை போலன்னு நெனச்சேன். எப்படிக் கேக்கறது? எனக்கும் வெக்கமா இருந்திச்சு.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் துணிக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அடுத்த ஆண்டுக் கூடாரத்துக்குக் காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தேன். இரண்டே மரத்தில் கட்டுவது, இரண்டு பக்கமும் சரிவு, இரட்டை மடிப்பு. தைத்து முடித்ததும் அவரே நடைபாதையில் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஆகஸ்டில் ஏழு பேர் போனோம். ஐந்து மணிக்கு அப்பாமார் வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். நாங்கள் தங்கினோம்.

பிறகு நடந்ததுதான் என் தலையெழுத்து. முத்தையாவிடமே போய்ச் சொன்னவள் என்று என் பெயர் பரவிவிட்டது. சர்ச்சில் கேக் வேகவில்லை என்றாலும், பந்தல் ஒழுகினாலும், “எஸ்தர அனுப்புங்க” என்றார்கள். கல்யாணமாகி இப்போது பாக்கார் ஆராங்கில் இருக்கிறேன். வீட்டிலும் அதே கதைதான். போன மாதம் சமையலறைக்கு ஆள் வைத்து அலமாரி செய்தோம். கதவைத் திறந்தால் குளிர்பெட்டியில் போய் இடிக்கிறது. தச்சரிடம் போய்ச் சொல்ல எல்லோரும் சேர்ந்து என்னைத்தான் தள்ளி விட்டார்கள். போய்விட்டு வந்தேன். வாசலிலேயே மகன் காத்திருந்தான்.

“சொல்லிட்டீங்களாம்மா?”

“நல்ல மனுஷன்டா அவரு” என்றேன். “ஹாலுக்கு ஒரு புத்தக அலமாரி சொல்லிட்டு வந்திருக்கேன்.”

என் கணவர் தேநீரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “விடுலா தம்பி” என்றார். “இன்னும் ரெண்டு தடவ இருக்கு.”